வாங்கிக்கொண்டே இருக்கும் கல்லூரி

எந்தக் கல்லூரியின் துறைத்தலைவர் அறைக்குப் போனாலும் பீரோவில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். மாணவர்கள் எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதங்கள் அதில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்று ஆறாம் வகுப்பில் பழகிய விடுப்பு விண்ணப்பத்தின் அதே வடிவம். நடுவில் இரண்டு வாக்கியங்கள்: நடந்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இதுபோல் நடந்தால் கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். கீழே மாணவர், பெற்றோர், வகுப்பு ஆசிரியர் மூவரின் கையெழுத்து. என்ன தவறு என்பது பெரும்பாலான கடிதங்களில் இருக்காது. வகுப்பில் செல்போன் பார்த்தவனும் கூடப் படிப்பவனின் மண்டையை உடைத்தவனும் ஒரே கடிதத்தைத்தான் எழுதியிருப்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஒருவன் எழுதியதைப் பார்த்து மற்ற நால்வரும் எழுதுவார்கள். ஐந்திலும் அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை இருக்கும்.

அரசு கலைக்கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்தக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் கைப்பட எழுதிய தாள் அது. அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாருக்கு என்ன இழப்பு, அதை எப்படி ஈடுகட்டலாம் என்று யோசித்து எழுதச் சொல்லியிருந்தால் அந்தத் தாளே திருத்தத்தின் முதல் படியாக இருந்திருக்கும். நாம் அவனிடமிருந்து வாங்கிக்கொள்வது பின்னாளில் அவனுக்கு எதிராகக் காட்டுவதற்கு ஓர் உறுதிமொழி மட்டும்தான். மாணவரின் நடத்தையிலோ படிப்பிலோ கோளாறு தெரிந்தவுடன் நம் கல்லூரிகள் அவரிடமிருந்து எதையாவது வாங்கத் தொடங்கிவிடுகின்றன. கடிதம் வாங்குகின்றன, கையெழுத்து வாங்குகின்றன, கட்டணம் வாங்குகின்றன, ஒரு நாள் கூலியை வாங்குகின்றன. திருத்துவதற்காக அவருக்கு எதைக் கொடுத்தோம் என்று பார்த்தால் அந்தப் பக்கம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கிறது.

ஒரு நாள் கூலி என்று நான் சொல்வது அந்தத் தாயின் கூலியை. "நாளைக்கு வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வா, இல்லாட்டி கிளாஸுக்குள்ள வராத" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அந்த அம்மா துறை வாசலில் நிற்பார். நூறு நாள் வேலையையோ, பனியன் கம்பெனி ஷிஃப்டையோ, நடவையோ விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். நாற்காலி இருக்கும், உட்காரமாட்டார். "இந்த ஒரு தடவ விட்ருங்க சார், நான் சொல்லிக்கறேன்" என்பார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என்ன பாடம் அவனுக்குப் புரியவில்லை, மாலையில் அவன் எங்கே வேலைக்குப் போகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று எதுவும் அந்தக் கால் மணி நேரத்தில் கேட்கப்படாது. தெரிந்த ஆட்டோக்காரரைச் சித்தப்பா என்று சொல்லி அழைத்துவரும் பையன்கள் உண்டு. அதை ஏமாற்று என்று கண்டுபிடித்து இன்னொரு கடிதம் வாங்குவோம். அம்மா அப்படி நிற்பதைப் பார்க்கச் சகிக்காத பிள்ளை அது என்பதை நாம் பார்ப்பதில்லை.

பெற்றோருக்குத் தெரிவிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிவிப்பதற்குப் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையின் தாய் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் முதல் நாள் பட்டமளிப்பு விழாவாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

வருகைப்பதிவு விவகாரத்தில் இந்த வாங்கல் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் காரணம் காட்டி, கட்டணம் கட்டி எழுதலாம். கண்டோனேஷன் என்ற பெயரை முதலாண்டு மாணவர்கள் கல்லூரிக்கு வந்த மூன்றாம் மாதமே தெரிந்துகொள்கிறார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது. 50க்கும் கீழே என்றால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். விதி மோசமானது என்று சொல்லமாட்டேன். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது? ஆனால் வராமல் போனதற்கு மருந்தாகப் பணத்தை வைத்திருப்பதுதான் உறுத்துகிறது. தவறவிட்ட வகுப்பில் நடந்த பாடத்தை அந்தக் கட்டணம் திருப்பித் தருவதில்லை. பெரும்பாலும் வராமல் போனதற்குக் காரணமே பணம்தான். கேட்டரிங் வேலைக்குப் போய் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறுகிறவனை, ராத்திரி பெட்ரோல் பங்கில் நிற்கிறவனை மேலும் சில நாள் வேலைக்குப் போகச் சொல்கிறது அந்தச் சலான்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எளிதில் தெரியாது. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 22 நாள் வராமல் இருந்தால்கூட 75 விழுக்காடு தேறிவிடும். வேலை, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று ஒருவன் 15 நாள் வரவில்லை. இன்னும் அவன் பத்திரமாகத்தான் இருக்கிறான். அப்போது கேன்டீனில் ஒரு சண்டை. பத்து நாள் சஸ்பெண்ட். அந்தப் பத்து நாளும் வராத நாளாகவே பதிவாகும் இடங்கள் நிறைய உண்டு. 25 நாள் ஆகிவிட்டது, 72 விழுக்காடு. சண்டைக்குத் தரப்பட்ட தண்டனை இப்போது படிப்புக் குறையாக மாறிவிட்டது. அந்த நாட்களில் உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றும் போய்விட்டால் அக மதிப்பெண்ணும் போகும். பருவ இறுதியில் இரண்டு தாள் அரியர். அடுத்த ஆண்டு பேராசிரியர் கூட்டத்தில் அவன் பெயர் வரும்போது "படிக்காதவன், அதான் சண்டை போடறான்" என்று யாராவது சொல்வார்கள். உண்மையில் அவன் படிப்பு விழுந்தது சண்டைக்குப் பிறகு, நம் ஆணையால். சஸ்பெண்ட் ஆன நாட்களுக்கான பாடக்குறிப்பை அவனிடம் கொடுக்க வேண்டும் என்று எந்த ஆணையிலும் ஒரு வரி பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதும் வேலை ஒன்றைக் கொடுத்து, திரும்பி வரும் நாளில் ஓர் ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்து அரை மணி நேரம் பேசினால் போதும். அந்தப் பத்து நாளுக்கு ஓர் அர்த்தம் வந்துவிடும்.

அரியரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு தாளில் தவறினால் அதற்கு நாம் தரும் ஒரே வழி மறுபடி எழுது என்பது. யார் சொல்லிக்கொடுப்பது? யாரும் இல்லை. கட்டணம் கட்டு, ஹால் டிக்கெட் வாங்கு, போய் எழுது. எந்தக் கேள்வியில் சறுக்கினான் என்று அவனுக்குத் தெரியாது. விடைத்தாள் நகல் வாங்க அதற்குத் தனிக் கட்டணம். இப்படி எழுதி எழுதிப் படிப்புக் காலம் முடிந்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதிலும் ஒரு கணிதத் தாளோடு அல்லாடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட பழைய மாணவர்களுக்குச் சிறப்புத் தேர்வு அறிவித்தபோது இருபது ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களும் அதில் அடங்கினார்கள். அதுவும் கூடுதல் கட்டணத்தோடுதான்.

2020 ஆகஸ்டில் நடந்தது இதன் மறுமுனை. கொரோனாவைக் காரணமாகச் சொல்லி, இறுதிப் பருவம் தவிர மற்ற அரியர் தேர்வுகளுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெங்கும் பேனர் வைத்தார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே வைக்காமல் தேர்ச்சி தருவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்துப் பல பேராசிரியர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு வருத்தம்தான் மிஞ்சியது. தாங்கள் தவறிய பாடத்தை யாராவது கற்றுத்தருவார்கள் என்ற நினைப்பே அந்தப் பிள்ளைகளிடம் இல்லை. தேர்வு, அல்லது தேர்விலிருந்து விடுதலை. இந்த இரண்டைத்தான் நாம் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். அரியர் இல்லாமல் போன மகிழ்ச்சியில் பாடம் தெரியாமல் போனது யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை.

கற்றுத்தருவதற்கு ஒரு ஏற்பாடு பெயரளவில் இருக்கிறது. ரிமீடியல் கிளாஸ். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கு இப்படிப்பட்ட வகுப்புகள் நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவே திட்டம் வைத்துப் பணம் கொடுத்திருக்கிறது. நாக் குழு தரமதிப்பீட்டுக்கு வந்தபோது, மெல்லக் கற்போருக்கு என்ன செய்தீர்கள் என்று தனியாகக் கேட்டது. நல்ல கேள்விதான். அதற்குப் பதிலாக நாம் உண்டாக்கியது கோப்பு. உள்தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களின் பட்டியல், கால அட்டவணை, வருகைக் கையெழுத்து, புகைப்படம். ஸ்லோ லேர்னர் என்று தலைப்பிட்ட பட்டியலை அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடுவதும் நடக்கிறது. அதில் தன் பெயர் இருக்கும் பெண் அந்த வகுப்புப் பக்கமே வரமாட்டாள். வந்தாலும் அது நாலு மணிக்கு மேல். அவள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நாலே காலுக்குக் கிளம்பிவிடும், அடுத்தது ஆறரைக்கு. ஆறரை பஸ்ஸில் வந்தால் வீட்டில் என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். யார் தனி வகுப்புக்கு வர முடியாதவர்களோ அவர்களுக்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த கணித ஆசிரியை ஒருவர் இதை வேறு மாதிரி செய்தார். பட்டியல் ஒட்டவில்லை. மதிய உணவு வேளையில் அரை மணி நேரம் தன் மேசையைச் சுற்றி யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவைத்தார். முதலில் வந்தவர்களிடம் கணக்கு எதுவும் போடச் சொல்லாமல் வினாத்தாளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. கேள்வி என்ன கேட்கிறது என்பது தெரியவில்லை. தமிழில் விடை எழுத அனுமதி இருந்தும் அவர்கள் கையில் இருந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அம்மா ஒரு பருவம் முழுக்க அவர்களை வாசிக்க வைத்தார். நன்றாகப் படிக்கிறவர்களும் தங்கள் சந்தேகத்தோடு அந்த மேசைக்கு வந்ததால் அங்கே உட்காருவதில் யாருக்கும் கூச்சம் வரவில்லை. இந்த வகுப்புக்குக் கோப்பு இல்லை. அதனால் நாக் அறிக்கையிலும் அது இல்லை.

மத்திய நிறுவனங்களிலும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. 2015இல் ரூர்க்கி ஐஐடி, சராசரி 5 புள்ளிக்குக் கீழே போன முதலாண்டு மாணவர்கள் 73 பேரை ஒரே வீச்சில் வெளியேற்றியது. நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வில் ஓராண்டுக்கு முன் வென்றவர்கள் அவர்கள். அந்த மாநில உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு அதே நிறுவனம் இறங்கிவந்து, முதலாண்டைத் திரும்பப் படிக்கும்படி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் கொடுத்த வாய்ப்பை முதலிலேயே கொடுத்திருந்தால் 73 குடும்பங்கள் அந்தக் கோடையில் பட்ட பாடு மிச்சமாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2021-22 கணக்குப்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. அகில இந்திய அளவு 28.4. பாதிக்குப் பாதி பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்த மாநிலம் இது. இதற்காகப் பெருமைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். பத்தில் ஒருவர் படித்த காலத்துக்கு எழுதப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு இரண்டில் ஒருவர் படிக்கும் காலத்தை நடத்துகிறோம். அன்று வந்தவர்களில் பலருக்கு வீட்டிலேயே ஒரு படித்த அண்ணனோ மாமாவோ இருந்தார். இன்று வருகிற பிள்ளைக்கு அந்த இடத்தில் கல்லூரிதான் இருக்க வேண்டும்.

இனி நடத்தை. இதில் திருத்தம் என்ற பெயரில் அநியாயமும் நடக்கும் என்பதை மறைக்கக் கூடாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொலை செய்யப்பட்டார். அதன் பிறகுதான் தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை, கல்லூரியிலிருந்து நீக்கம். அதற்கு முன்பு ராகிங் நடந்தால் சீனியரையும் ஜூனியரையும் ஒன்றாக உட்காரவைத்து, கைகுலுக்கச் சொல்லி, சமாதானக் கடிதம் வாங்கி அனுப்புவதுதான் வழக்கம். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அன்றிரவு இருவரும் ஒரே விடுதிக்குத்தான் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட சமாதானம் அடிபட்டவனுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. தவறு செய்தவனைத் திருத்துவதில் முதல் உரிமை பாதிக்கப்பட்டவனுக்குத்தான் என்று நினைக்கிறேன். அவன் பயமில்லாமல் தூங்குகிறானா என்று பார்த்த பிறகுதான் மற்றவனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம். சில சமயம் அதற்கு ஒருவனை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

2009இல் வந்த மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் கடுமையானவை, தேவையானவை. ஆனால் அங்கும் நம் பழக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டு, அதை இணையத்தில் நிரப்பி எண்ணைக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று ஆக்கிவிட்டோம். செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. செய்யாதவனைத் தண்டித்தால் அவன் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டான்.

தென்மாவட்டக் கல்லூரிகளில் இன்னொன்று உண்டு. கைக்கயிற்றின் நிறத்திலிருந்து தொடங்கும் சண்டைகள். பதிவேட்டில் அவை 'இரு தரப்பு மாணவர்களிடையே வாக்குவாதம்' என்று பதிவாகும். சாதி என்ற சொல் எங்கும் வராது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கல்வி நிலையங்களில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று வெளிப்படையாகப் பேசிய ஆவணம் அது. நோயின் பெயரையே எழுத மறுக்கிற கோப்பை வைத்துக்கொண்டு எந்தத் துறைத்தலைவரும் எதையும் திருத்த முடியாது.

2019 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொடுத்த ஓர் உத்தரவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்ததாக எட்டு மாணவர்களை மூன்றாம் ஆண்டில் சேர்க்க நிர்வாகம் மறுத்தது. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். சுதந்திர தினத்தன்று விருதுநகர் காமராஜர் நினைவு இல்லத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு மதுவுக்கு எதிராக மக்களிடம் பேச வேண்டும், அதைச் செய்தால் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி சொன்னார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டவரின் வீட்டைப் பிள்ளைகள் பெருக்குவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. எட்டுப் பேரின் படிப்பு அன்று காப்பாற்றப்பட்டது. இதைச் சொல்ல உயர் நீதிமன்றம் தேவைப்பட்டதே என்பதுதான் என் ஆதங்கம். அந்தக் கல்லூரிக்குள்ளேயே ஒரு ஆசிரியர் குழு உட்கார்ந்து யோசித்திருந்தால் இதே அளவுக்கு, ஒருவேளை இதைவிடவும் நல்லதைச் செய்திருக்க முடியும். எட்டுப் பேரில் யார் ஒரு பந்தயத்துக்குக் குடித்தவன், யார் குடியில்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவன் என்று நீதிமன்றத்தால் பார்க்க முடியாது. வகுப்பு ஆசிரியரால் முடியும். இரண்டாமவனுக்குத் துடைப்பம் போதாது, மருத்துவர் வேண்டும். உளவியல் ஆலோசகர் என்று ஒருவரைப் பார்த்தே இராத அரசுக் கல்லூரிகள் இன்னமும் இருக்கின்றன.

நேரம் வேண்டும் என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்று சொல்லி, மாணவர்களுக்கு வழிகாட்டவும் நேரம் ஒதுக்கச் சொல்கின்றன. தமிழ்நாட்டு அரசு கலைக்கல்லூரிகளில் இந்த வழிகாட்டும் வேலை இன்று பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? கௌரவ விரிவுரையாளர்கள் தலையில். 2024-25இல் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 25,000 ரூபாய், அதுவும் பதினொரு மாதத்துக்கு. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே தெரியாத ஒருவரிடம், இந்த முப்பது பிள்ளைகளுக்கு மூன்றாண்டு துணையாக இருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அப்படியும் பலர் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மாணவனின் போனை எடுக்கிறவர்கள், தேர்வுக் கட்டணத்தைத் தங்கள் பையிலிருந்து கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களை நிரந்தரமாக்குவதைச் சம்பளப் பிரச்சினை என்று மட்டும் பேசுகிறோம். கல்லூரிக்கு வந்து தடுமாறும் பிள்ளைக்கு அதே முகம் மூன்றாண்டும் அங்கே இருக்குமா என்ற பிரச்சினையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஜூனில் புதிய பிள்ளைகள் வருவார்கள். அதற்கு முன் துறைக்கூட்டத்தில் கால அட்டவணை போடும்போது, வாரம் இரண்டு மணி நேரத்தை நாலு மணிக்கு முன்னால், பஸ் கிளம்புவதற்கு முன்னால், வகுப்பு என்றே பெயரிட்டு, ஆசிரியரின் பணி நேரத்தில் சேர்த்து எழுதிவிடலாம். சஸ்பெண்ட் ஆணையின் கீழே அந்த நாட்களுக்கான பாடத்தை யார் கொடுப்பார் என்று ஒரு பெயரை எழுதலாம். சண்டை போட்டவனிடம் தாளைக் கொடுக்கும்போது என்ன நடந்தது என்று எழுதச் சொல்லலாம். அதை அவன் எதிரிலேயே உட்கார்ந்து படிக்கலாம். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை. துறைத்தலைவர் ஒருவர் மனது வைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.